விண்கலம் இல்லாதவர்களின் சம்மதம்

ஒரு கோளின் காற்று மண்டலம் கரைந்துகொண்டிருக்கிறது. சிறிது நேரத்தில் அங்கே ஓர் உயிரும் மிஞ்சாது. மேலே வட்டமிடும் விண்கலத்தில் ஆட்களை ஏற்றிக்கொள்ள இடம் உண்டு, கருவியும் உண்டு. ஆனால் கலத்தின் தலைவர் மறுக்கிறார். கீழே இருப்பவர்களுக்கு விண்வெளிப் பயணம் தெரியாது. அப்படிப்பட்டவர்களின் வரலாற்றில் கைவைக்கக் கூடாது என்பது அவர் பணியாற்றும் அமைப்பின் தலையாய விதி. எனவே அதிகாரிகள் எல்லோரும் திரைமுன் நின்று ஓர் உலகம் சாவதை மரியாதையோடு பார்க்கிறார்கள்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1994 ஜனவரியில் வந்த 'ஹோம்வார்ட்' என்ற பகுதி இது. அந்த மரியாதைதான் உறுத்துகிறது. தொடரின் கண்ணில் இது தலைவருக்கு வந்த சோதனை. சாகப்போகிறவர்கள் அந்தச் சோதனைக்கான வினாத்தாள் மட்டுமே.

தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர்கள் என்று தான் கருதும் மக்களை, கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஒரு கதைத்தொழில் எப்படிக் காட்டினால் நியாயம்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிது: காட்டுமிராண்டிகளாகக் காட்டாதே, நல்லவர்களாகக் காட்டு. அறுபது ஆண்டுகளாகப் பெரும் அறிவியல் புனைவு வரிசைகள் இந்தப் பதிலைத்தான் மெல்ல மெல்லக் கற்றிருக்கின்றன. அது போதாது. கெட்டவர்களாகக் காட்டப்பட்டவர்களும் நல்லவர்களாகக் காட்டப்பட்டவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே இருக்கிறார்கள்: அவர்களைப் பற்றிய முடிவு அவர்களிடம் இல்லை. கதையின் நியாயத்தை அளக்க வேண்டிய இடம் அதுதான்.

தலையாய விதியை முதலில் அதற்குரிய மதிப்போடு பார்க்க வேண்டும். ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பரில் தொடங்கியது. அமெரிக்கா வியட்நாமில் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்த காலம். 'உன்னைவிட வலிமை குறைந்தவன் வீட்டில் நுழையாதே' என்று ஒரு வல்லரசின் தொலைக்காட்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டது சிறிய காரியமில்லை. காலனிய வரலாற்றில் ஒரு படை தன் கையை இப்படிக் கட்டிக்கொண்டது அரிது. ஆனால் அந்த விதி எழுதப்பட்ட நாளிலிருந்தே மீறப்பட்டும் வந்தது. 1968 பிப்ரவரி 2ஆம் தேதி, வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கிய அதே வாரத்தில், 'எ பிரைவேட் லிட்டில் வார்' ஒளிபரப்பானது. ஒரு கோளில் ஒரு தரப்புக்கு எதிரி வல்லரசு துப்பாக்கி கொடுக்கிறது; விண்கலத்தின் கேப்டன் கிர்க் மறுதரப்புக்கும் அதே அளவு துப்பாக்கி கொடுத்துச் சமநிலை காக்க முடிவெடுக்கிறார். மலைவாழ் மக்கள் இனிக் காலகாலமாகச் சுட்டுக்கொண்டு சாவார்கள் என்பது கதைக்கே தெரியும். முடிவில் வருத்தத்தோடு கிளம்புகிறவர் கிர்க். வருத்தம்கூட விண்கலத்தில்தான் இருக்கிறது.

விதியின் ஆழமான கோளாறு மீறலில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. ஒளியை மிஞ்சிப் பறக்கும் எஞ்சின் செய்யத் தெரிந்த இனம் பேசத் தகுந்தது. தெரியாத இனம் மறைந்திருந்து கவனிக்கத் தகுந்தது. 1991இல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' என்ற பகுதியில் மால்கோர் என்ற கோள் அந்த எஞ்சினைத் தொடும் நிலையில் இருக்கிறது. கப்பல் தலைவர் பிக்கார்ட் நேரே அதன் ஆட்சித்தலைவரைச் சந்திக்கிறார், பேசுகிறார். 'எங்கள் மக்கள் இன்னும் தயாராகவில்லை, போய்விடுங்கள்' என்று அவர் கேட்டுக்கொள்ள, பிக்கார்ட் கிளம்பிவிடுகிறார். ஸ்டார் ட்ரெக் முழுவதிலும் இதைவிடக் கண்ணியமான காட்சிகள் குறைவு. ஆனால் அந்த 'போய்விடுங்கள்' என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது எஞ்சின் வந்ததால். 'ஹோம்வார்ட்' கோளில் வாழும், எஞ்சின் இல்லாத போராலர்களிடம் 'உங்கள் உலகம் அழிகிறது, வருகிறீர்களா' என்று கேட்கவே ஆள் இல்லை.

ஒருவர் மட்டும் கேட்கப்படுகிறார். 'ஹோம்வார்ட்' கதையில், விதியை மீறிய ஓர் ஆய்வாளர் ஒரு கிராமத்தை மட்டும் திருட்டுத்தனமாகக் கப்பலின் மாய அறைக்குள் கடத்தி வருகிறார். அந்தக் கிராமத்தின் வரலாற்றைக் காப்பவன், வோரின் என்ற இளைஞன், தற்செயலாகக் கதவைத் தாண்டிக் கப்பலுக்குள் வந்துவிடுகிறான். அவனுக்கு உண்மை சொல்லப்படுகிறது. இங்கேயே தங்கலாம், திரும்பியும் போகலாம் என்கிறார்கள். அவன் தற்கொலை செய்துகொள்கிறான். உண்மை தெரிந்தால் இவர்கள் தாங்க மாட்டார்கள் என்பதற்குக் கதாசிரியர்கள் வைத்த சாட்சி அந்தச் சாவு. வாய் திறக்க அனுமதிக்கப்பட்ட ஒரே ஆளைக் கொன்றுவிட்டு, பேசாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று நிரூபிப்பது நியாயமான வாதமுறை இல்லை.

தீண்டாமல் விடுவது என்ற கொள்கை வெறும் கற்பனையும் இல்லை. அந்தமானின் வடக்கு சென்டினல் தீவு மக்களை வெளியார் அணுகக் கூடாது என்று இந்திய அரசு தடை விதித்திருக்கிறது. அதற்கு அடித்தளம் 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை. தடையை மீறிக் கரையேறிய ஓர் அமெரிக்க மதப் பிரசாரகர் 2018 நவம்பரில் அங்கே கொல்லப்பட்டார். உடலை மீட்கவும் அரசு உள்ளே போகவில்லை. செய்தி வந்தபோது, ஸ்டார் ட்ரெக் விதி நிஜத்தில் இருக்கிறது என்று பலருக்குத் தோன்றியிருக்கும். இரண்டும் ஒன்று இல்லை. 1880இல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மேன் அந்தத் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். எல்லோருக்கும் நோய் கண்டது. முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூட வேறு என்ன நோய்கள் போயினவோ. 1991 ஜனவரியில் அதே மக்கள் ஒரு மானுடவியல் குழுவின் கையிலிருந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டதும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் பார்க்க வந்த ஹெலிகாப்டரை அம்பு எய்து விரட்டியதும் உண்டு. தேவை எது, வேண்டாதது எது என்று தெரிந்தவர்களின் நடத்தை அது. அங்கே இன்று மதிக்கப்படுவது அவர்களுடைய தொழில்நுட்ப நிலை இல்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் தெளிவாகச் சொன்ன மறுப்புதான். நாளை ஒரு சென்டினல்காரர் படகேறி வந்து மருத்துவம் கேட்டால், உனக்கு இன்னும் எஞ்சின் வரவில்லை என்று கதவடைக்க எந்த விதியும் இடம் தராது. பிக்கார்டின் விதி தந்திருக்கும்.

தலையிடாமை ஒரு முனை என்றால் மறுமுனையில் நிற்பவர் மீட்பர். ஸ்டார் ட்ரெக்கே 1968இல் 'தி பாரடைஸ் சிண்ட்ரோம்' பகுதியில் இதைச் செய்தது: நினைவிழந்த கிர்க், அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போன்ற மக்களிடையே விழுந்து, தெய்வமாகி, அவர்களில் ஒரு பெண்ணை மணக்கிறார். கல்லெறியில் சாவது அவள். பிழைத்துக் கப்பலேறுவது அவர். இதை மேலும் விரித்துச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' விஷயம் வேறு. 2009இல் வந்த அந்தப் படத்தை மீட்பர் கதை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது, உண்மையும்கூட. கனிமத்துக்காக ஒரு காட்டை அழிக்க வந்த கூட்டத்தின் சிப்பாய், சில மாதங்களில் அந்தக் காட்டு மக்களைவிடச் சிறந்த காட்டு மனிதனாகி, தலைவன் மகளின் துணைவனாகி, அவர்களுடைய வரலாற்றிலேயே ஐந்து பேர் மட்டும் செய்திருந்த சாகசத்தைச் செய்து, படைக்குத் தலைமை தாங்குகிறான். அதுவரை முன்னணி வீரனாக இருந்தவன் போரில் இறக்கிறான். நாவி எனப்படும் அந்தக் காட்டு மக்களுக்கென்று பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர் ஒரு முழு மொழியையே ஆக்கித் தந்தார். அந்த மொழியில் 'எங்களுக்கு நீ தலைமை தாங்க வேண்டாம்' என்று சொல்ல ஒரு பாத்திரம் இறுதிவரை நிலைக்கவில்லை.

ஆனால் அதே படம் நிஜ உலகில் ஒரு வேலையும் செய்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்ரியா கோண்டு மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2010இல் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு, ஹாலிவுட்டின் 'வெரைட்டி' இதழில் கேமரூனுக்கு ஒரு விளம்பரம் வழியே வேண்டுகோள் வைத்தது: உங்கள் கதை இங்கே நிஜமாக நடக்கிறது, உதவுங்கள். உலகப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஒரு படத்தால் ஒரு மலைக்குக் கிடைத்த கவனத்தை, அந்தப் படத்தின் கதையமைப்பு சரியில்லை என்ற காரணத்துக்காக ஏளனம் செய்ய முடியாது. அறத்தை எடைபோடுகிறவர் இந்தத் தட்டிலும் கல் வைக்கத்தான் வேண்டும்.

எனினும் மலையைக் காத்தது எது என்று பார்க்கலாம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஊர்களில் அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. படத்தில் வருவதுபோல் இறக்கை விரித்த பறவை மேல் யாரும் வந்து இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள், மறுத்தார்கள், அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. வசூலில் உலக சாதனை படைத்த ஒரு படத்தில் இல்லாத காட்சி இது. சினிமாவுக்கு உகந்த காட்சி இல்லை என்று யாராவது சொன்னால், நீதிமன்ற அறையை வைத்தே எத்தனை வெற்றிப் படங்கள் வந்திருக்கின்றன என்று நினைவூட்டலாம்.

கேமரூனின் மனம் எங்கே நிற்கிறது என்பதை 2010இல் அவர் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றிடம் பேசியது காட்டிக்கொடுத்தது. லகோட்டா மக்கள் தங்கள் சந்ததியின் இன்றைய நிலையை அன்றே பார்த்திருந்தால் இன்னும் கடுமையாகப் போராடியிருப்பார்கள் என்ற பொருளில் அவர் சொன்னார். 2022இல் 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' வெளியானபோது அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது, படத்தைப் புறக்கணிக்கும்படி பூர்வகுடியினர் சிலர் கேட்டார்கள். கோபம் நியாயமானதே. 1868இல் லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் லகோட்டாக்களுக்கு எழுதித் தரப்பட்டவை கருங்குன்றுகள்; 1874இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் பறிக்கப்பட்டவை. அந்த நிலம் அநியாயமாக எடுக்கப்பட்டது என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. வறுமையில் உழலும் அந்த மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. நிலம் விற்பனைக்கு இல்லை என்கிறார்கள். வட்டியோடு அந்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. போதுமான அளவு போராடவில்லை என்று சொல்லப்பட்ட சமூகத்தின் போராட்டம் இது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தான் போராட்டம் என்று பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் இன்னொரு விதமான எடுத்தாளல் உண்டு. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் வேற்றுலகவாசிகளின் பேச்சை உருவாக்க நிஜ மொழிகளை நாடினார். ஜாவா என்ற குள்ள வணிகர்களின் கீச்சுக்குரலுக்கு ஜூலு, குற்றக் கும்பல் தலைவர்களான ஹட்டுகளின் மொழிக்கு ஆண்டிஸ் மலையின் கெச்சுவா, காட்டில் வாழும் ஈவோக்குகளுக்கு கல்மிக். காதுக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்; யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கெச்சுவா பேசும் ஒரு பிள்ளை திரையரங்கில் உட்கார்ந்து, தன் பாட்டியின் பேச்சின் நிழல் ஒரு கொழுத்த குற்றவாளியின் வாயிலிருந்து வருவதைக் கேட்கும் சாத்தியத்தை அந்த ஒலியை அமைத்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பார்வையாளர் வரிசையிலேயே கணக்கிடப்படவில்லை. 2013 ஜூலையில் முதல் ஸ்டார் வார்ஸ் படம் நவாஹோ மொழியில் குரல் மாற்றப்பட்டு, அரிசோனாவின் விண்டோ ராக்கில் திரையிடப்பட்டது. முயற்சி நவாஹோ அருங்காட்சியகத்துடையது. கணக்கை அவர்களாகவே திருத்திக்கொண்டார்கள்.

அதே வரிசையில், பாலைவனத்தில் வாழும் டஸ்கன்களின் கதை இன்னும் கசப்பானது. 2002இல் வந்த படத்தில் நாயகன் அனாகின், தாயின் சாவுக்குப் பழிதீர்க்க ஒரு டஸ்கன் முகாமையே, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெட்டிச் சாய்க்கிறான். அதைக் காதலியிடம் சொல்லி அழுகிறான். அவள் தேற்றுகிறாள். படத்தின் கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம். இருபது ஆண்டுகள் கழித்து 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' தொடர் அதே மக்களுக்குச் சடங்கும் நகைச்சுவையும் போர்க்கலையும் தந்தது. மாவோரி நடிகரான டெமுவேரா மோரிசன் தன் மக்களின் ஆயுதப் பயிற்சியை அதற்குள் கொண்டுவந்தார். மூன்றாவது பகுதியில், நாயகன் வெளியே போயிருக்கும் வேளையில், அந்தக் குடி மொத்தமும் கொல்லப்பட்டுவிடுகிறது. நாயகனுக்குக் கோபம் வர வேண்டுமே. சித்திரிப்பு எவ்வளவோ மேம்பட்டது, கதையில் அவர்களின் வேலை மட்டும் மாறவில்லை.

அப்படியானால் அந்தந்த மக்களையே கேட்டு எழுதினால் போதுமா? கேட்பது போலச் செய்வதும் உண்டு. 1995இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் சகோட்டே என்ற பூர்வகுடி அதிகாரி வருகிறார். அவருடைய பண்பாட்டுக்கு ஆலோசகராக ஜமாக் ஹைவாட்டர் என்ற எழுத்தாளர் வைக்கப்பட்டார். அவர் பூர்வகுடியே இல்லை என்பது 1984இலேயே பத்திரிகைகளில் அம்பலமாகியிருந்தது. பதினோரு ஆண்டு பழைய செய்தி. எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சகோட்டே எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பதும் கடைசிவரை விளங்காமல் போனது. இதற்கு நேர் எதிர், 'பிரிடேட்டர்' வரிசையில் 2022இல் வந்த 'பிரே'. காலம் 1719, களம் வட அமெரிக்கப் பெருஞ்சமவெளி, தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேன் மையர்ஸ் கொமாஞ்சி இனத்தவர். படம் முழுவதும் கொமாஞ்சி மொழியிலும் கேட்கக் கிடைக்கிறது. வேற்றுலக வேட்டைக்காரனிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது. நரு என்ற பெண் அவனைக் கூர்ந்து கவனித்து, பழக்கங்களைப் படித்து, அவன் ஆயுதத்தாலேயே அவனை முடிக்கிறாள். அவளை ஆதரித்துத் தூக்கிவிட ஒரு வெள்ளைக்காரர் இல்லை. படத்தில் வரும் வெள்ளையர்கள் தோல் வியாபாரத்துக்காக எருமைகளைக் கொன்று குவித்தவர்கள். ஒரு மிருகவேட்டைப் படத்துக்கு இது எளிதாகக் கைகூடியது, தத்துவம் பேசும் தொடர்களுக்குக் கைகூடவில்லை.

கதைதானே, நாவியும் டஸ்கனும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் இந்தக் கதை வகை பிறந்ததே நிஜத்திலிருந்து. 1898இல் எச்.ஜி. வெல்ஸ் செவ்வாய்வாசிகளை லண்டன் மேல் ஏவியபோது, டாஸ்மேனியர்களை ஐரோப்பியர்கள் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவுபடுத்திவிட்டுத்தான் ஏவினார். நீங்கள் செய்தது உங்களுக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்பதே அந்த நாவலின் விசை. பின்வந்த வரிசைகள் கேமராவை விண்கலத்துக்குள் தூக்கிவைத்துவிட்டன. நம் பக்கம் 1963இல் வந்த 'கலை அரசி' இதில் ஒரு விசித்திரமான விதிவிலக்கு. எம்.ஜி.ஆர். நடித்த அந்தப் படத்தில், கலை வளராத ஒரு முன்னேறிய உலகத்துக்காரர்கள் அதைக் கற்றுக்கொடுக்க நம்மூர்ப் பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். கடத்தப்பட்டவளின் சம்மதம் அங்கேயும் கேட்கப்படவில்லை. ஆனால் யார் எதில் பின்தங்கியவர் என்ற கேள்வியையாவது படம் புரட்டிப் போட்டது.

வேறொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பார்வையாளர்கள் விண்கலம் கட்டும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மனச்சாட்சியைத் தொட வேண்டுமானால் அவர்களில் ஒருவன் கண் வழியேதான் கதை போக வேண்டும். இதில் உண்மை இருக்கிறது. அன்னியன் ஒருவன் கதைக்குள் இருக்கலாம், குற்றவுணர்வோடும் இருக்கலாம். எவ்வளவு தூரம் அவனுக்கு இடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அர்சுலா லெ குவின் 1972இல் எழுதிய 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' குறுநாவலில் அந்த அன்னியன் இருக்கிறான். லெ குவின் வளர்ந்த வீட்டின் பின்னணி இதற்குத் துணை செய்திருக்கலாம். அவருடைய தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் மானுடவியலாளர். இனம் அழிக்கப்பட்டுத் தனியாக மிஞ்சி, 1911இல் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்ட இஷி என்பவர், க்ரோபரின் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன் அம்பு செய்துகாட்டி வாழ்ந்து 1916இல் காசநோயில் இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று கடிதம் எழுதித் தடுக்க முயன்றவரும் க்ரோபர்தான். அறுத்த பின் இஷியின் மூளையை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பிவைத்தவரும் அவர்தான். 2000இல்தான் அது பூர்வகுடியினரிடம் திரும்பி வந்தது. அன்பும் அத்துமீறலும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

குறுநாவலின் மானுடவியலாளர் லியூபோவ் நல்லவர். காட்டு மக்களின் மொழி கற்றவர், அவர்களுக்காக வாதாடுகிறவர், செல்வர் என்ற அந்த மக்களில் ஒருவரின் நண்பர். மரம் வெட்ட வந்த மனிதர்களை எதிர்த்து எழ முடிவெடுப்பது செல்வர். அந்த முடிவில் லியூபோவுக்குப் பங்கில்லை. ஊரைவிட்டு விலகியிருக்கும்படி செல்வர் சொல்லியும், தாக்குதல் நடந்த இரவில் லியூபோவ் இறந்துபோகிறார். கொலை அறியாத தம் மக்களுக்குக் கொலையைக் கொண்டுவந்தவர் தாம் என்பதும் செல்வருக்குத் தெரியும். நாவல் அவருக்கு அந்தப் பழியைத் தள்ளுபடி செய்யவில்லை. பெரும் வெற்றிபெற்ற ஒரு படம் தம் கதையை ஒத்திருந்தும் அதன் அறத்தைத் தலைகீழாக்கி, கூட்டக் கொலையைத் தீர்வாகக் காட்டியது என்றும், தமக்கு அதில் பங்கில்லாததில் மகிழ்ச்சி என்றும் லெ குவின் பிற்காலத்தில் எழுதினார். படத்தின் பெயரை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. லியூபோவ் இறந்த பிறகும் குறுநாவலில் அத்தியாயங்கள் இருக்கின்றன. மனிதர்கள் கிளம்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையை அவற்றில் விதிப்பவர் செல்வர். விண்கலத்துக்காரர்கள் அதற்கு உட்பட்டுக் கிளம்புகிறார்கள்.